செஸ்ஸிலும் பிளிட்ஸ், லண்டன் குண்டுவீச்சும் பிளிட்ஸ்: இரண்டும் ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். ஜெர்மன் மொழியில் பிளிட்ஸ் என்றால் மின்னல். போரைக் குறிக்கும் 'கிரீக்' அதோடு சேர்ந்தால் பிளிட்ஸ்கிரீக். டாங்கிகளும் விமானங்களும் ஒன்றாகப் பாய்ந்து, எதிரி சுதாரிப்பதற்குள் முடித்துவிடும் போர். 1939இல் போலந்தும் 1940இல் பிரான்சும் அப்படித்தான் சில வாரங்களில் விழுந்தன. ஆனால் ஜெர்மன் ராணுவம் இதை அதிகாரபூர்வச் சொல்லாக வைத்திருக்கவில்லை. உலகம் முழுக்கப் பரப்பியவை பிரிட்டிஷ், அமெரிக்கப் பத்திரிகைகள்.

எனக்கு இதில் பெரிய வியப்பு, லண்டனில் இந்தச் சொல்லுக்கு நேர்ந்ததுதான். 1940 செப்டம்பர் 7 அன்று ஜெர்மன் விமானங்கள் தொடங்கிய குண்டுவீச்சுக்குப் பத்திரிகைகள் 'கிரீக்'கை வெட்டிவிட்டு 'பிளிட்ஸ்' என்று பெயர் வைத்தன. அதில் மின்னல் வேகம் எங்கே இருந்தது? தொடர்ந்து 57 இரவுகள் லண்டன்மீது குண்டு விழுந்தது. மற்ற நகரங்களையும் சேர்த்து 1941 மே வரை நீண்டது. 40,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துறங்கிவிட்டுக் காலையில் வேலைக்குப் போன ஜனங்களின் வாயில், வேகத்தைச் சொன்ன சொல் தாக்குப்பிடித்தலைச் சொல்வதாக மாறிவிட்டது. அடித்தவனின் சொல்லை அடிபட்டவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இன்றும் பிரிட்டனில் ஒரு நெருக்கடி வந்தால் 'பிளிட்ஸ் மன உறுதி' என்று பேசுவார்கள்.

அந்தக் குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்த 1941 பிப்ரவரியில் பம்பாயில் கரஞ்சியா தொடங்கிய வாரப் பத்திரிகைக்கும் பிளிட்ஸ் என்றே பெயர். அமெரிக்கக் கால்பந்தில், பந்தை வீசுபவர்மேல் தடுப்பாட்டக்காரர்கள் கூட்டமாகப் பாய்வது பிளிட்ஸ். விளம்பரக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள், அது மட்டும் எனக்கு உறுத்துகிறது. சோப்பு விற்க அந்தச் சொல் வேண்டாம்.

நீங்கள் கேட்ட செஸ் பிளிட்ஸில் இருப்பது பழைய மின்னல்தான். உலகப் போட்டியில் ஆட்டம் முழுவதற்கும் ஆளுக்கு மூன்று நிமிடம், நகர்த்தலுக்கு இரண்டு விநாடி கூடுதல்.

ஜெர்மனியிலோ அது இன்றும் அன்றாடச் சொல். கேமராவின் ஃபிளாஷ் பிளிட்ஸ். சாலையில் வேகமாகப் போகிறவர்களைப் படம்பிடிக்கும் கருவி பிளிட்ஸர். லண்டன்காரருக்கு நெஞ்சைப் பிசையும் அந்தச் சொல், அங்கே வண்டி ஓட்டுகிறவருக்கு அபராதச் சீட்டைத்தான் நினைவூட்டும்.