செஸ் புதிர்களுக்கு விடை கண்டுபிடிக்கும் எனக்கு, ஆட்டத்தில் மட்டும் ஏன் கண் மறைக்கிறது?

புதிர்களை மளமளவென்று முடிக்கிறீர்கள், ஆட்டத் திறமையை அளக்கும் ரேட்டிங் புள்ளி மட்டும் 1100ஐத் தாண்ட மறுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித் தருபவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

புதிரில், 'வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்' என்று மேலேயே எழுதியிருக்கிறது. ஏதோ இருக்கிறது என்று தெரிந்துதான் தேடுகிறீர்கள். ஆட்டத்தில் அதைக் காதில் ஓத ஆளில்லை; அதனால் தேடுவதே இல்லை. 2014இல் சோச்சியில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் ஆனந்துக்கே இப்படி நடந்தது. 26ஆவது நகர்த்தலில், எதிரே ஆடிய கார்ல்சன் ராஜாவை டி2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். படு மோசமான பிழை. குதிரையால் இ5 சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் ஆனந்த் கைக்கு வந்திருக்கும். அவரோ சிப்பாயை ஏ4க்குத் தள்ளினார், ஆட்டமும் போயிற்று. அதே நிலையைப் புதிராக அச்சடித்துக் கொடுத்தால், மாவட்டப் போட்டிக்கு வரும் பள்ளிப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

நம் மட்டத்தில் இது இன்னும் எளிய உருவத்தில் வரும். வெள்ளை ராணி எச்5இல், பிஷப் சி4இல். எஃப்7இல் மேட் மிரட்டல், அதாவது ராஜா தப்ப வழியில்லாமல் ஆட்டம் முடியும். கறுப்பு, சிப்பாயை ஜி6க்குத் தள்ளித் தடுக்கிறது. ராணி எஃப்3க்குப் பின்வாங்குகிறது. பயந்து ஓடுகிறது என்று பிள்ளைகளுக்கு ஒரே குஷி. சி6இல் இருக்கும் குதிரையை டி4க்குப் பாய்ச்சி ராணியைத் தாக்குவார்கள். ராணி நேராக எஃப்7க்குப் போய் வெட்டும், மேட். ஓடிய ராணி அதே எஃப்7 சிப்பாயை வேறு கோட்டிலிருந்து குறிவைத்திருந்ததை யாரும் பார்ப்பதில்லை. எதிராளியின் நகர்த்தலைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நம் திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே எதிராளி காயை வைத்ததும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காய் புதிதாக எந்தக் கட்டங்களைப் பார்க்கிறது? இதுவரை எதைக் காத்து நின்றது, இப்போது எதைக் கைவிட்டது? இரண்டாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறோம், இலவசமாகக் காய் கிடைப்பதும் அதில்தான். 2024இல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டத்தில் டிங் லிரென் யானையை எஃப்2க்கு நகர்த்தியபோது, யானைகளையும் பிஷப்புகளையும் மாற்றிக்கொண்டால் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் முடிவாட்டம் தனக்கு வெற்றி என்பதை குகேஷ் கண்டுகொண்டார். உலகப் பட்டமே அதில் கைமாறியது.

'இதை அவன் பார்க்கமாட்டான்' என்று பொறி வைத்து ஆடுவது இன்னொரு வியாதி. அவன் பார்த்துவிட்டால் உங்கள் நிலை முன்பைவிட மோசமாகுமானால் அந்த நகர்த்தல் வேண்டாம். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

தோற்ற ஆட்டத்தை உடனே கணினியிடம் கொடுக்காதீர்கள். சரியான நகர்த்தலை அது சொல்லும். அந்த நேரத்தில் உங்கள் மனத்தில் என்ன ஓடியது என்பது அதற்குத் தெரியாது. அதை முதலில் நீங்களே ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்து ஆட்டம் எழுதினால் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

மூன்று நிமிட ஆட்டங்களில் இந்தப் பழக்கம் படியாது. நானும் அவற்றை ஆடுகிறேன், பொழுதுபோக்குக்கு. பயிற்சிக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்ற கணக்கில் ஆடுங்கள். ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) புத்தகம் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம், 1100 மட்டத்தில் எதிராளி ஐந்தாவது நகர்த்தலிலேயே புத்தகத்தை விட்டு வெளியே போய்விடுவார்.