கௌபாயின் சவ ஊர்வலத்தில் முரசும் குழலும் ஏன்?

கேள்வி: ‘லரேடோவின் தெருக்கள்’ என்னும் அமெரிக்க நாட்டுப்பாடல் பிரிட்டனிலிருந்து வந்தது என்கிறார்கள். டெக்ஸஸ் மாநிலத்து எல்லை ஊரில் கௌபாய் ஒருவன் சாவதைச் சொல்லும் பாட்டு அது. பிறகு எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்?
— வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: ஊர்ப்பெயரை ஒதுக்கிவிட்டு, பாட்டுக்குள் ஒட்டாமல் நிற்பது எதுவென்று பாருங்கள். மார்பில் குண்டு பாய்ந்து, வெள்ளைத்துணி சுற்றிக் கிடக்கும் அந்த இளைஞன், தன் சவ ஊர்வலத்தில் முரசை மெல்ல அடிக்கவும் குழலைத் தாழ்வாக ஊதவும் வேண்டுமென்று கேட்கிறான். மாட்டுமந்தை ஓட்டுபவனுக்கு முரசும் குழலும் எதற்கு? அவை படைவீரனுக்குச் செய்யும் இறுதி மரியாதைகள் அல்லவா?

19ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஒற்றைத்தாளில் அச்சிட்டு விற்ற ‘பாவப்பட்ட இளைஞன்’ என்னும் பாட்டில் இதற்கு விடை இருக்கிறது. அங்கே சாகக் கிடப்பவனைக் கொல்வது குண்டு அன்று, பால்வினை நோய். அவனைப் பாடகன் காண்பதும் அந்நோய்க்கென்றே இருந்த லாக் மருத்துவமனையின் அருகில்தான். (லண்டனில் அது 1747இல் திறக்கப்பட்டது, அதே பெயரில் சென்னை மாகாணத்திலும் ஆங்கிலேயர் பின்னர் மருத்துவமனைகளை நடத்தினர்.) நோயைத் தந்தவள் உரிய காலத்தில் சொல்லியிருந்தால் பாதரச மருந்து உண்டு பிழைத்திருப்பேனே என்று புலம்பும் அவன், முரசும் குழலும் முழங்க, சவப்பெட்டியின் மேல் துப்பாக்கி வேட்டும் போடச் சொல்கிறான். படைவீரனுக்குரிய அந்த மரியாதைகளின் மிச்சம்தான் கௌபாய் பாட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை, இவற்றையெல்லாம்விட அழுத்தமான சான்று மலர்கள்தாம். பெட்டியைச் சுமந்து வருவோர் தன் உடலின் நாற்றம் தாளாமல் போகக்கூடாது என்பதற்காகவே ஆளுக்கொரு பூங்கொத்து கொடுக்கச் சொல்கிறான் பிரிட்டிஷ் இளைஞன். லரேடோவிலோ, விழும் மண்கட்டிகளின் ஓசை அடங்குவதற்காகப் பெட்டியின் மேல் ரோஜாக்களைப் பரப்பச் சொல்கிறான் கௌபாய். நோய் மறைந்து குண்டுக்காயம் வந்ததும் நாற்றத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. பூவை விட மனமில்லாத பாடகர்கள் அதற்கு வேறொரு காரணம் கண்டுபிடித்தார்கள்.

1790 வாக்கில் டப்ளினில் கேட்டதாகச் சொல்லி ஒருவர் பாடிய இப்பாட்டின் பழைய வடிவமொன்றின் துணுக்கு, 1848இல் அயர்லாந்தின் கார்க் நகரில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில், அயர்லாந்துப் பாட்டொன்றைத் திருத்தி 1876இல் கௌபாய் வடிவத்தைத் தாமே எழுதியதாக ஃபிராங்க் மேனார்டு என்னும் கௌபாய் உரிமை கொண்டாடினார்; அவர் பாட்டில் வருவது லரேடோ அன்று, ஒரு மதுக்கடை. நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸ் 1910இல் தம் கௌபாய் பாடல் தொகுப்பில் இப்பாட்டை அச்சேற்றினார்.

மெட்டை மட்டும் வைத்து மூலம் தேடுவோரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. லரேடோவின் மெட்டு ‘ஆர்மாவின் பாணன்’ என்னும் அயர்லாந்துப் பாட்டோடு ஒத்துப்போவது உண்மைதான். ஆனால் அது முதிய யாழிசைக் கலைஞர் ஒருவரைப் பற்றிய பாட்டு, இந்தச் சாவுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.