ஈபீஸ் லேண்டிங்: கேட் இல்லாத இடத்துக்கு எப்படிப் போவது?

கேள்வி: சியாட்டில் பக்கம் பெல்வியூவில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு முட்டிவலி. பையனுக்கு ஒன்பது வயது. விட்பி தீவில் உள்ள ஈபீஸ் லேண்டிங் வரலாற்றுக் காப்பகத்துக்கு ஒரு சனிக்கிழமை போய்வரலாமா? மேப்பில் எவ்வளவு தேடியும் நுழைவாயில் கிடைக்கவில்லை. டிக்கெட் எங்கே வாங்குவது? நிறைய நடக்க வேண்டியிருக்குமா?

பதில்: தாராளமாகப் போய்வரலாம். நுழைவாயில் கிடைக்காததற்குக் காரணம், அப்படி ஒன்று இல்லை என்பதுதான். 1978-ல் அமெரிக்காவின் முதல் தேசிய வரலாற்றுக் காப்பகமாக, அதாவது பழைய நிலமும் ஊரும் மாறாமல் காக்கப்படும் பகுதியாக, அறிவிக்கப்பட்ட இடம் இது. சுமார் 17,500 ஏக்கர் பரப்பு. அதில் பெரும்பகுதி இன்றும் தனியார் நிலம். உழுகிறார்கள், அறுக்கிறார்கள், வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். கூப்வில் என்ற சின்ன ஊரே இதற்குள்தான் வருகிறது. பாதை ஓரமாக நின்று எவ்வளவு வேண்டுமானாலும் படம் எடுங்கள், வயலுக்குள் மட்டும் இறங்காதீர்கள்.

காப்பகத்துக்கென்று டிக்கெட் கிடையாது. ஆனால் கடற்கரை பார்க்கிங், ஃபோர்ட் கேஸி, ஃபோர்ட் ஈபி என்ற பழைய ராணுவக் கோட்டைகள் இரண்டு, ஆக மூன்றும் வாஷிங்டன் மாநிலப் பூங்காக்கள். அங்கே வண்டி நிறுத்த டிஸ்கவர் பாஸ் வேண்டும், ஒரு நாளுக்கு 10 டாலர். தேசியப் பூங்காக்களுக்கு வாங்கும் வருடாந்திர பாஸ் இங்கே செல்லாது. இது தெரியாமல் அபராதச் சீட்டு வாங்குபவர்கள் நிறைய.

போகும்போது முக்கில்டியோவிலிருந்து கிளின்டனுக்கு ஃபெர்ரி. கடலில் 20 நிமிடம்தான், ஆனால் கோடைச் சனிக்கிழமைகளில் வரிசையில் காத்திருக்கும் நேரம் அதைவிட அதிகம். இந்த வழித்தடத்தில் முன்பதிவு இல்லை, அதனால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கிளின்டனில் இறங்கியபின் கூப்வில்லுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

இனி நடை விஷயம். எல்லோரும் சேர்ந்தே எல்லாவற்றையும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் பெரியவர்களைக் கூப்வில்லில் இறக்கிவிடுங்கள். 1905-ல் கட்டிய மரத்தாலான படகுத்துறை இருக்கிறது, பக்கத்திலேயே அருங்காட்சியகம், அதை ஒட்டி 1855-ல் எழுப்பிய அலெக்சாண்டர் பிளாக்ஹவுஸ் என்ற மரக்கட்டைக் காவல் வீடு. உட்கார இடம் உண்டு, கழிப்பறை உண்டு. இரண்டு, இரண்டரை மணி நேரம் எளிதாகப் போய்விடும்.

அதற்குள் நீங்களும் பையனும் கடற்கரை பார்க்கிங்கிலிருந்து குன்று விளிம்புப் பாதையில் ஒரு சுற்று வந்துவிடலாம். மூன்றரை மைல் அளவு. தொடக்கத்தில் படிகளும் ஏற்றமும் இருக்கும், அப்புறம் பெரும்பாலும் விளிம்பை ஒட்டிய ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல், கீழே கடலுக்கும் குன்றுக்கும் நடுவே பெரிகோஸ் ஏரி. வானம் தெளிந்திருந்தால் எதிரே ஒலிம்பிக் மலைத்தொடர் முழுசாகத் தெரியும். குன்று பனியாறு விட்டுப்போன மணலும் சரளையும்தான், விளிம்பு உதிரும். பையன் எப்போதும் உள்பக்கமாக நடக்கட்டும்.

ஏரியின் கோடியில் பாதை வளைந்து வளைந்து கடற்கரைக்கு இறங்கும். திரும்பி வருவது கூழாங்கல் மேல். இங்கேதான் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: கடல் ஏறியிருந்தால் நடக்க இடமே இருக்காது, ஒதுங்கிக் கிடக்கும் பெரிய மரங்களின் மேல் தாவித் தாவித்தான் வர வேண்டும். அலை அடித்தால் அந்த மரங்கள் உருளும், அது ஆபத்து. முதல் நாள் இரவே ஓத அட்டவணையைப் பாருங்கள். நீர் ஏறும் நேரமாக இருந்தால் வந்த வழியே மேலேயே திரும்பிவிடுங்கள், காட்சி ஒன்றும் குறைந்துவிடாது.

நடக்கிற நிலத்தின் கதை கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. இங்கே மரமில்லாத வெளி கிடப்பது தற்செயல் இல்லை. இங்கே வாழ்ந்த பழங்குடியினரான கீழ் ஸ்காகிட் மக்கள், உணவாகும் காமஸ் கிழங்குக்காகப் புல்வெளியை அவ்வப்போது எரித்துப் பராமரித்தார்கள். அந்தத் தயார் நிலத்தைப் பார்த்துத்தான் 1850-ல் ஐசக் ஈபி என்ற குடியேறி 640 ஏக்கருக்கு உரிமை கோரினார். 1856-ல் போர்ட் கேம்பிளில் அமெரிக்கக் கடற்படை, வடக்கிலிருந்து வந்திருந்த பழங்குடியினரைச் சுட்டு 27 பேரைக் கொன்றது. அதற்குப் பழியாக அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஈபியை அவர் வீட்டிலேயே கொன்றார்கள். இந்த நிலத்தை அப்பாவுக்குக் காட்ட, சன்னிசைடு கல்லறைத் தோட்டம் வரை காரிலேயே போகலாம். நடக்காமலே மொத்தப் புல்வெளியையும் பார்க்க அதுதான் சரியான இடம்.

மதியத்துக்குமேல் ஃபோர்ட் கேஸி. பையனுக்கு நாள் முழுக்கப் பேச விஷயம் கிடைக்கும். அங்குள்ள, குழாய் வாய் 10 அங்குல அகலமுள்ள பீரங்கிகள் அந்தக் காலத்தில் சுட்டதும் அந்த உதைப்பிலேயே பின்வாங்கிச் சுவருக்குக் கீழே இறங்கிவிடும். குண்டு நிரப்பியதும் எதிரெடை அவற்றை மறுபடி மேலே தூக்கும். இப்போது நிற்கும் இரண்டும் 1960களில் பிலிப்பைன்ஸிலிருந்து கொண்டுவந்தவை. கான்கிரீட் அறைகள் கும்மிருட்டு, ஆளுக்கொரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தளத்தில் சில இடங்களில் தடுப்பே கிடையாது, பையன் கையை விடாதீர்கள். பெரியவர்களுக்குப் புல்தரையும் 1903-ல் கட்டிய கலங்கரை விளக்கமும் போதும்.

கூப்வில் உணவகங்களில் பென் கோவ் சிப்பிதான் பிரசித்தம். வீட்டில் சைவம் என்றால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே போய்விடுங்கள். ஜூலையானாலும் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் வேண்டும். பக்கத்தில் கடற்படையின் பயிற்சி ஓடுதளம் இருக்கிறது. ஜெட் விமானங்கள் பறக்கும் நாளில் பேசுவதே காதில் விழாது. பயிற்சி அட்டவணையைக் கடற்படை முன்கூட்டியே வெளியிடுகிறது, அதைப் பார்த்து எந்த நாள் போவது என்று முடிவு செய்யுங்கள்.

திரும்பும்போது கிளின்டனில் வரிசை நீளமாக இருந்தால் வடக்கே டிசெப்ஷன் பாஸ் பாலம் வழியாக வந்துவிடுங்கள். ஃபெர்ரியே வேண்டாம். 1935-ல் கட்டிய பாலம் அது, அப்பாவுக்கு வண்டியில் இருந்தபடியே பார்க்க இன்னொரு இடம்.