அலைக்கு ஒரு மூலை, குழந்தைக்கு ஒரு மூலை: கடற்கரை தேர்வு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இப்போதுதான் சர்ஃபிங் பழக ஆரம்பித்திருக்கிறேன். விடுமுறை நாளில் மனைவியும் ஐந்து வயதுப் பையனும் கூட வருவார்கள். இரண்டு பக்கமும் திருப்தியாகிற கடற்கரையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அலைமேல் சறுக்கும் உங்கள் போர்டுக்கு நல்ல தண்ணீரும் ஐந்து வயதுப் பையனுக்கு நல்ல தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைக்காது. அதனால் ஒரே கரையில் இரண்டு மூலைகளைத் தேடுங்கள். பிறை போல வளைந்த கரை, ஒரு முனையில் கடலுக்குள் நீளும் பாறை மேடு என்று இருந்தால் உங்களுக்கு யோகம். திறந்த கடலிலிருந்து வரும் அலை அந்த மேட்டைச் சுற்றி வளைந்து வரும்போது பரவி வலுவிழந்துவிடும். மேட்டின் மறைவில் தண்ணீர் அடங்கியிருக்கும், அது பையனுக்கு. மறைவை விட்டு நடக்க நடக்க அலை வளரும், அது உங்களுக்கு.

இரண்டு எச்சரிக்கை. பாறையை ஒட்டியே இறங்கக் கூடாது. கரையோரத் தண்ணீர் பாறையில் மோதித் திரும்பிக் கடலுக்குள் ஓடும் வழி பல இடங்களில் அதுதான். அப்புறம், போர்டில் இருப்பவரைப் பையனைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகக் கணக்கில் எடுக்காதீர்கள். நீங்கள் கடலுக்குள் இருக்கும் நேரம் முழுக்க மனைவிதான் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் ஓய்வு வேண்டுமே, முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது இடத்துக்குப் போகிறோம், விசாரிக்க ஆள் இல்லை. கரையைப் பார்த்தே ஏதாவது சொல்ல முடியுமா?

பதில்: நிறையவே. முதலில் மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள். மாவு மாதிரி நுண்மணல் என்றால் கரை பெரும்பாலும் தட்டையாக இருக்கும். பரல் பரலான பெருமணல் என்றால் சரிவு செங்குத்தாக இருக்கும். அலை எப்படி உடையும் என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சரிவுதான். ஒரு மீட்டர் உயர அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது உடையும். தட்டையான கரையில் அந்த ஆழம் தொலைவில் இருப்பதால், அலை அங்கேயே சரிந்து, நுரையாக நெடுந்தூரம் உருண்டு வரும். பழகுகிறவர்களுக்கும் காலை நனைக்கும் குழந்தைகளுக்கும் அதுதான் தோது.

செங்குத்தான கரையில் அந்த ஆழம் காலடியிலேயே இருக்கும். அலை கடைசி நொடி வரை உடையாமல் வந்து, முழு எடையோடு மணலில் விழும். பார்க்கச் சின்னதாகத் தெரிகிற அலைதான் அங்கே ஆளைத் தலைகீழாகப் புரட்டும். ஹவாயின் ஓவாஹூ தீவிலேயே இரண்டுக்கும் உதாரணம் உண்டு. உலகம் முழுவதிலிருந்தும் சர்ஃபிங் பழக வருகிற வைகிகி அங்கேதான், கழுத்து, முதுகெலும்பு காயங்களுக்குப் பேர்போன சாண்டி பீச்சும் அங்கேதான்.

தண்ணீர் விளிம்பில் மணல் படிக்கட்டு போல வெட்டுப்பட்டிருந்தால் குழந்தையோடு அங்கே இறங்க வேண்டாம். தள்ளி வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: செயலியில் 'அலை 1 மீட்டர்' என்று காட்டியது. போனால் முரட்டு அலை. செயலி பொய் சொல்கிறதா?

பதில்: பொய் இல்லை, நீங்கள் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள். அந்த எண் வழக்கமாக, அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனியாக ஓர் அலை அதைப்போல் இரண்டு மடங்கு வரை எழும்பலாம்.

உயரத்துக்குப் பக்கத்தில் நொடிக் கணக்கில் இன்னோர் எண் இருக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி அது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். 5, 6 நொடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய சளசளப்பு. 12 நொடிக்கு மேல் என்றால் தொலைதூரப் புயல் அனுப்பிய அலை. உயரம் ஒன்றாகவே இருந்தாலும் 14 நொடி அலை கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் 6 நொடி அலையினுடையதைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆழம் குறையும்போது அது இன்னும் உயரமாகவும் எழும்பும். உயரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நெடுந்தூர அலைகளிடம் ஒரு வஞ்சகம் உண்டு. கூட்டமாக வரும், பிறகு பல நிமிடம் கடல் குளம் மாதிரி கிடக்கும். அந்த அமைதியில் வந்து இறங்கும் குடும்பம் அடுத்த கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறது. எந்தக் கரையானாலும் 15, 20 நிமிடம் மணலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். குழந்தைகள் நச்சரிக்கும், பரவாயில்லை.

கேள்வி: சர்ஃபிங் ஆட்கள் ஏன் எல்லாரும் விடியற்காலையிலேயே போகிறார்கள்?

பதில்: காற்றுக்காக. இரவில் நிலம் குளிர்ந்துவிடுவதால் காலையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும், இல்லையென்றால் அசைவே இருக்காது. எதிர்க்காற்றில் அலையின் முகம் வழவழவென்று நின்று உடையும். வெயில் ஏறியதும் நிலம் சூடாகி, கடல்காற்று கரைக்கு வந்து அலையைக் கலைத்துவிடும்.

போர்டுக்கு அருமையான அதே கரைக்காற்று, காற்றடைத்த மிதவைக்குப் பெரிய ஆபத்து. வாத்துப் பொம்மை, டியூப், காற்று மெத்தை எல்லாவற்றையும் சத்தமில்லாமல் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். கரையோரம் தண்ணீர் அமைதியாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகமும் வராது. கடலில் காற்றடைத்த பொம்மைகளே வேண்டாம் என்பது என் கட்சி. குளத்துக்குச் செய்ததை ஏன் கடலுக்குக் கொண்டுவர வேண்டும்? கையில் மாட்டும் காற்றுப் பட்டையும் உயிர்காப்பு அங்கி ஆகாது.

கேள்வி: அலையே இல்லாத இடமாகப் பார்த்துத்தான் பிள்ளைகளை இறக்குவேன். அது போதும்தானே, சார்?

பதில்: அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு சந்து மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் ரிப் கரண்ட். அலைகள் கரையில் கொட்டிய தண்ணீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. அங்கே ஆழம் கூடுதல் என்பதால்தான் அலை உடைவதில்லை. நிறம் கொஞ்சம் கருத்திருக்கும், அல்லது மணல் கலங்கியிருக்கும். நுரையும் குப்பையும் கடலை நோக்கி நகரும். உயரமான இடத்தில் நின்று பார்த்தால் எளிதாகத் தெரியும். பாறைச் சுவர், கப்பல் துறை, தூண் பாலம் இவற்றின் ஓரங்களில் கிட்டத்தட்ட நிரந்தரமாகவே இருக்கும்.

வேகம் சில சமயம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். அது ஒலிம்பிக் 100 மீட்டர் நீச்சல் வேகம், எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாது. ஆனால் அது ஆளை அடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். சாவது பெரும்பாலும் பதறிக் களைத்துப் போவதால். மாட்டிக்கொண்டால் மல்லாந்து மிதந்து மூச்சைச் சமாளியுங்கள், கையை உயர்த்தி ஆளைக் கூப்பிடுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, நுரையோடு கரை சேருங்கள். கரையில் இருப்பவர் வெறுங்கையோடு பின்னால் குதிக்கக் கூடாது. மிதக்கும் பொருள் எதையாவது வீசிவிட்டு லைஃப்கார்டை அழைக்க வேண்டும்.

லைஃப்கார்டு இருக்கும் கரை, இல்லாத அழகான கரை என்று இரண்டு தேர்வு இருந்தால், குடும்பத்தோடு நான் யோசிக்காமல் முதலாவதுக்குத்தான் போவேன்.

கேள்வி: கொடிகளுக்கு என்ன அர்த்தம்?

பதில்: மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்றிருக்கும் இரண்டு கொடிகளுக்கு நடுவில் லைஃப்கார்டு பார்வை உண்டு, அங்கே குளிக்கலாம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது போர்டுகளுக்கான பகுதி, குழந்தைகள் அங்கே வேண்டாம். தனி மஞ்சள் கவனத்துக்கு, தனிச் சிவப்பு பெரிய ஆபத்துக்கு, இரட்டைச் சிவப்பு என்றால் கடல் மூடியாயிற்று. ஊதா பறந்தால் ஜெல்லிமீன் மாதிரி கொட்டுகிறவை இருக்கின்றன. இடத்துக்கு இடம் சின்ன வேறுபாடு உண்டு, வாசலில் உள்ள பலகையைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: அமாவாசை, பௌர்ணமிக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்கிறாரே பாட்டி?

பதில்: போகலாம், நேரம் பார்த்துப் போகலாம். அந்த நாட்களை ஒட்டி ஓதத்தின், அதாவது கடல் மட்டத்தின், ஏற்ற இறக்கம் அதிகம். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் போன சனிக்கிழமை பொருந்திய நேரம் இந்தச் சனிக்கிழமை பொருந்தாது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில்தான் தண்ணீர் மிக வேகமாக நகரும். காலையில் அகலமாகக் கிடந்த மணல் மதியம் காணாமல் போகலாம். பாறைகளுக்கு இடையில் ஒதுக்கமான சின்னக் கரையில் பாய் விரிக்கும் முன், தண்ணீர் ஏறினால் வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு ஏறும் என்பது கரைக்குக் கரை மாறும். சில இடங்களில் ஒரு மீட்டர்கூட இல்லை. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 15 மீட்டரையும் தாண்டும்.

கேள்வி: ஆறு கடலில் கலக்கிற இடத்தில் அலை பிரமாதமாக இருக்கிறது. அங்கே பழகலாமா?

பதில்: அலை பிரமாதமாக இருப்பதற்குக் காரணம் ஆறு கொண்டுவந்து குவித்த மணல் திட்டு. தேர்ந்தவர்களுக்கு விருந்துதான். உங்களுக்கு இப்போது வேண்டாம், கடல் இறங்கும் நேரத்தில் ஆறும் சேர்ந்து உங்களை வெளியே தள்ளும். மழைக்குப் பிறகு ஊர்ச் சாக்கடையும் அதே வழியாகத்தான் வரும். இரண்டு மூன்று நாளாவது விட்டுவிடுங்கள்.

கேள்வி: தம்பி ஒருவன் கேட்கச் சொன்னான்: முதல் போர்டு எது? அலை ஏறப் போனால் அங்குள்ளவர்கள் திட்டுகிறார்களாம்.

பதில்: 8, 9 அடி ஃபோம் போர்டு. குட்டையான போர்டு பார்க்க ஸ்டைலாக இருக்கும், நிற்க விடாது. இடுப்பளவு தண்ணீரில் உடைந்து வரும் நுரை அலையில் நின்று பழகட்டும், போர்டைக் காலோடு இணைக்கும் கயிறான லீஷைக் கட்டியிருக்க வேண்டும். திட்டு வருவது அநேகமாக அடுத்தவர் அலையில் குறுக்கே ஏறுவதால். அலை உடையத் தொடங்கும் முனைக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ, அந்த அலை அவருடையது. கூட்டம் இல்லாத பக்கமாகப் போய்ப் பழகினால் இந்தச் சண்டையே வராது. குளிக்கிறவர்கள் இருக்கும் பக்கம் மட்டும் போக வேண்டாம், கைவிட்ட போர்டு குழந்தையின் முகத்தில்தான் போய் முடியும்.

கேள்வி: பிள்ளைகள் தண்ணீருக்கே போவதில்லை, மணலில்தான் விளையாடுவார்கள். அப்போது நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: ஓரளவுக்கு. ஆழமாகக் குழி தோண்டவோ, பக்கவாட்டில் சுரங்கம் போடவோ விடாதீர்கள். ஈரம் காய்ந்ததும் மணல் சட்டென்று சரிந்து மூடிவிடும், மூடினால் தோண்டி எடுப்பது மிகவும் கடினம். முழங்கால் ஆழம் போதும், அதுவும் உள்ளே இருப்பதிலேயே சின்னக் குழந்தையின் முழங்கால். கிளம்பும்போது குழியை மூடிவிட்டுப் போங்கள், இருட்டில் யாராவது கால் வைத்துவிடுவார்கள்.