போர்சிங்கிஸுக்கு ஈடாக நியாங்: செல்டிக்ஸ் போட்ட கணக்கு

கேள்வி: நான் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் ஆடும் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் ரசிகன். 2024-ல் கோப்பை வென்ற அணி, அடுத்த வருஷமே போர்சிங்கிஸைக் கொடுத்துவிட்டு நியாங்கை வாங்கியது. இது நஷ்டம் இல்லையா? நானும் நண்பர்களும் இணையத்தில் டிரேட் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) போட்டுப் பார்க்கிறோம். பாதிக்கு மேல் ‘செல்லாது’ என்றே வருகிறது. எதைப் பார்த்துக் கணக்குப் போடுவது?

பதில்: முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள், ஆட்டத்தை அப்புறம் பார்க்கலாம். சம்பளம் எவ்வளவு, இன்னும் எத்தனை வருஷம், அணி எந்தக் கோட்டுக்கு மேல் நிற்கிறது என்ற மூன்றும் தெரியாமல் ஒரு என்பிஏ டிரேடை எடைபோட முடியாது.

2025-26 சீசனில் சம்பள உச்சவரம்பு 15.46 கோடி டாலர். பெயர்தான் உச்சவரம்பு, தன்னிடம் இருக்கும் வீரரைத் தக்கவைக்க அணி இதைத் தாண்டலாம். ஆனால் தாண்டிவிட்டால், வெளியிலிருந்து பெரிய சம்பளக்காரரைக் கொண்டுவர டிரேடை விட்டால் பெரும்பாலும் வேறு வழி கிடையாது. 18.79 கோடிக்கு மேல் போனால் அணி லீக்குக்குச் சொகுசு வரி கட்ட வேண்டும். அதற்கும் மேலே இரண்டு கோடுகள்: 19.59 கோடியில் முதல் ஏப்ரன், 20.78 கோடியில் இரண்டாவது ஏப்ரன். வரி பணத்தோடு முடிந்துவிடும். ஏப்ரன் கையைக் கட்டிவிடும். என் பார்வையில், இன்றைய அணிகள் அதிகம் பயப்படுவது ஏப்ரனுக்குத்தான்.

உங்கள் டிரேடுகள் அடிபடுவதும் அநேகமாக அங்கேதான். முதல் ஏப்ரனுக்குக் கீழே இருக்கும் அணி, அனுப்பும் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கலாம். பெரிய சம்பளங்களில் ஏறக்குறைய 125 சதவீதம் வரை. முதல் ஏப்ரனுக்கு மேலே என்றால், அனுப்பியதைவிட ஒரு டாலர்கூட அதிகம் வாங்க முடியாது. இரண்டாவதற்கு மேலே போய்விட்டால், இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு நட்சத்திரத்தை வாங்கவும் முடியாது, டிரேடில் ரொக்கம் சேர்த்துக் கொடுக்கவும் முடியாது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: டிரேட் முடிந்த பிறகு அணி எங்கே நிற்கும் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

சரி, செல்டிக்ஸுக்கு வருவோம். அணியின் நட்சத்திரங்களான டேட்டம், பிரவுன் இருவருக்கு மட்டுமே 2025-26 சீசனில் சுமார் 10.7 கோடி. அணியை அப்படியே வைத்திருந்தால் சம்பளமும் வரியும் சேர்த்துக் கிட்டத்தட்ட 50 கோடி டாலர் ஆகும் என்று அப்போது பேசப்பட்டது. 2025 மே மாதம் டேட்டமின் குதிகால் தசைநார் கிழிந்தது. அவர் இல்லாத வருஷத்தில் அவ்வளவு செலவு செய்வதில் அர்த்தமில்லை.

அதனால் ஜூனில் இரண்டு டிரேடுகள். மூன்று வருஷத்துக்கு மொத்தம் 10.4 கோடி தர வேண்டியிருந்த ஜூரூ ஹாலிடே போர்ட்லாந்துக்குப் போனார். ஒரே வருஷ ஒப்பந்தம் மிச்சமிருந்த ஆன்ஃபெர்னி சைமன்ஸ் வந்தார். என்னைக் கேட்டால் இரண்டில் இதுதான் முக்கியமானது. அந்த வருஷ மிச்சம் சின்னதுதான். அடுத்த இரண்டு வருஷச் சுமை இறங்கியதே பெரிய லாபம்.

மற்றொன்று நீங்கள் கேட்ட டிரேட். போர்சிங்கிஸின் சம்பளம் 3.07 கோடி, நியாங்கின் சம்பளம் 82 லட்சம். இடையில் இருக்கும் 2.25 கோடி வெறும் மிச்சம் மட்டுமல்ல. அது ‘டிரேட் எக்ஸெப்ஷன்’ என்று அணியின் கணக்கில் ஏறுகிறது. அந்த அளவு வரை சம்பளமுள்ள ஒருவரை, பதிலுக்கு யாரையும் அனுப்பாமல், ஒரு வருஷத்துக்குள் வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் நியாங்கை மட்டும் பார்த்தீர்கள். கூடவே இந்தச் சீட்டும் வந்தது. அணியும் இரண்டாவது ஏப்ரனுக்குக் கீழே இறங்கிவிட்டது.

அதே டிரேடில், போர்சிங்கிஸை வாங்கிய அட்லாண்டா, டெரன்ஸ் மேனை புரூக்ளினுக்கு அனுப்பியது. புரூக்ளினிடம் உச்சவரம்புக்குள் காலி இடம் இருந்தது. அதில் மேனின் சம்பளத்தை ஏற்றுக்கொண்டதற்குக் கூலியாக 2025 டிராஃப்டின் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 22-வது தேர்வைப் பெற்றது. பிறகு நியாங்கையும் செல்டிக்ஸ் யூட்டாவுக்கு அனுப்பியபோது, இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் இரண்டைக் கூடவே கொடுத்தது. சம்பளத்தை இறக்கிவைக்க விலை இதுதான். டிரேடில் சம்பந்தமில்லாதது போல ஒரு மூன்றாவது அணி தெரிந்தால், அதற்கு என்ன கிடைத்தது என்று தேடுங்கள். பாதிக் கதை புரிந்துவிடும்.

ரசிகராக உங்களுக்கு வலிப்பது நியாயம்தான். போர்சிங்கிஸ் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அவரை வைத்துக்கொண்டே இரண்டாவது ஏப்ரனுக்கு மேல் நின்றிருந்தால், டேட்டம் திரும்பி வரும்போது அவரைச் சுற்றி அணியைக் கட்டக் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

டிரேடுகளுக்கான பிப்ரவரி கெடு நெருங்கும்போது, சொகுசு வரிக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் அணிகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சீசனின் கடைசி நாளில் இருக்கும் சம்பளக் கணக்கை வைத்துத்தான் வரி விழும். அதனால் ஆடுவதற்கு இடம் கிடைக்காத வீரர் ஒருவர், ஒரு டிராஃப்ட் தேர்வோடு சேர்ந்து, காலி இடமுள்ள அணிக்குப் போவதை அந்த வாரத்தில் பார்ப்பீர்கள். உங்கள் அடுத்த டிரேடை அங்கிருந்து ஆரம்பித்துப் பாருங்கள்.