வாசகர் கேள்விகள்: வேட்பாளரின் ராணுவச் சான்று எதைச் சொல்கிறது?

கேள்வி: அமெரிக்கத் தேர்தல்களில் வேட்பாளர்கள் 'டிடி 214' என்ற தாளை நீட்டி, "நான் போர் வீரன்" என்கிறார்கள். அதை நம்பலாமா?

பதில்: தாளை நம்பலாம். ஆனால் அதில் இல்லாததை எல்லாம் அதன் தலையில் ஏற்றக் கூடாது. முழுநேரப் பணி முடிந்து வெளியேறும்போது தரப்படும் சான்று அது. இப்போதைய படிவத்தில் 12-ஆம் கட்டம் பணிக்காலம். அதிலேயே வெளிநாட்டுப் பணிக்குத் தனி வரி உண்டு. ஜெர்மனியில் அலுவலக வேலை பார்த்திருந்தாலும் அந்த வரி நிரம்பிவிடும்! போர்முனைக்குப் போனாரா என்பதற்கு 18-ஆம் கட்டத்தின் குறிப்புகளில் நாடும் தேதிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 24-இல் எந்த மதிப்பில் (கௌரவமாகவா, இல்லையா) விடுவிக்கப்பட்டார் என்பதும், 28-இல் விடுவித்த காரணமும் இருக்கும். இதே சான்றுக்குச் சுருக்கப் பிரதி ஒன்றும் உண்டு. அதில் இந்த இரண்டும் இருக்காது. வேட்பாளர் அதை மட்டும் காட்டினால் முழுப் பிரதியைக் கேளுங்கள்.

13-ஆம் கட்டத்தில் பதக்கங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் மலைக்க வேண்டாம். 'தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம்' குறிப்பிட்ட காலத்தில் பணியில் இருந்தாலே கிடைப்பது. 'பர்ப்பிள் ஹார்ட்' எதிரியால் காயம்பட்டதற்கு. காயம் ஆழமா, கீறலா என்று அது சொல்லாது. பின்னாளில் அதிபரான லிண்டன் ஜான்சன் பெற்ற, போர்முனை வீரத்துக்கான 'சில்வர் ஸ்டார்' இன்னும் விசித்திரம். 1942 ஜூனில் நியூகினிக்குப் பறந்த ஒரு குண்டுவீச்சு விமானத்தில் பார்வையாளராகப் போய்வந்தார், அப்போதே அவர் நாடாளுமன்ற உறுப்பினர். பதக்கம் அவருக்கு, விமானத்தை ஓட்டியவர்களுக்கு இல்லை.

கேள்வி: முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தன் ராணுவப் பணியைச் சரிவரச் செய்யவில்லை என்ற விவகாரத்தில் என்னதான் முடிவானது?

பதில்: அவர் டெக்சாஸ் வான் தேசியக் காவல்படையில் பகுதிநேர விமானி. 1972-இல் மருத்துவப் பரிசோதனைக்குப் போகாததால் பறக்கும் தகுதி நிறுத்தப்பட்டது. 1973-இல் கௌரவமாகவே விடுவிக்கப்பட்டார். இரண்டும் ஆவணத்தில் உள்ளவை. 2004-இல் வெள்ளை மாளிகை சம்பளப் பதிவுகளையும் பகுதிநேர வீரர்களின் பணிக்குத் தரப்படும் புள்ளிகளின் கணக்கையும் வெளியிட்டது. எந்த நாளுக்குச் சம்பளம் போனது என்பதை அவை காட்டும்; அன்று அவர் என்ன செய்தார் என்பதை அல்ல. அதே ஆண்டு, புஷ்ஷைக் குறைசொல்லி அவரது மேலதிகாரி எழுதியவை என்று சிபிஎஸ் தொலைக்காட்சி காட்டிய குறிப்பாணைகளோ வெறும் நகல்கள். எழுத்துகளின் இடைவெளி அக்காலத் தட்டச்சு போல இல்லை என்று சந்தேகம் கிளம்ப, அவை உண்மையானவை என்று நிரூபிக்க முடியவில்லை என நிறுவனமே ஒப்புக்கொண்டது. மூலம் இல்லாத நகலை வைத்து வழக்காடினால், உண்மையான கேள்விகளும் அதோடு சேர்ந்து மூழ்கிப்போகும். அதுதான் நடந்தது.

கேள்வி: 2024-இல் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட டிம் வால்ஸ் ராணுவத்தில் ஓய்வுபெற்ற பதவி எது?

பதில்: கமாண்ட் சார்ஜென்ட் மேஜராகப் பணியாற்றினார். அந்தப் பதவிக்கான படிப்பை முடிக்காததால் ஓய்வுப் பதிவில் அதற்குக் கீழான மாஸ்டர் சார்ஜென்ட். கமாண்ட் சார்ஜென்ட் மேஜராகப் 'பணியாற்றினார்' என்பது சரி, 'அந்தப் பதவியில் ஓய்வுபெற்றார்' என்பது தவறு.

கேள்வி: யார் வேண்டுமானாலும் இந்தக் கோப்புகளைக் கேட்க முடியுமா?

பதில்: ஓரளவுக்கு. செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் பதிவு மையத்துக்கு 'எஸ்எஃப் 180' படிவத்தில் எழுத வேண்டும். சம்பந்தப்பட்டவரின் கையெழுத்து இல்லாவிட்டால் பணித் தேதிகள், பதவி, பணியிடங்கள், பதக்கங்கள் போன்றவை மட்டும் கிடைக்கும். விலகி 62 ஆண்டுகள் ஆகிவிட்டால் கோப்பு எல்லோருக்கும் திறந்துவிடும். ஆனால் 1973 ஜூலை 12 அன்று அங்கே பற்றிய தீயில் 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் எரிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் போயின. அந்தத் தலைமுறை ஆள் ஒருவரின் கோப்பு இல்லை என்றால், மையத்திடம் அவரது கடைசிச் சம்பளச் சீட்டைத் தேடச் சொல்லுங்கள்.