உங்கள் அயலவர் சொன்ன 'அவென்யூ'

மூன்று மாதங்களுக்கு முன்னர் வடகிழக்கு இலண்டனிலுள்ள வோல்தம்ஸ்டோவுக்குக் குடிவந்ததாகவும், வேலியருகே நின்ற எண்பது வயது கடந்த அயலவர் உதைபந்தாட்டத்தில் எந்த அணி உங்கள் அணி என்று கேட்க, நீங்கள் ஆர்சனல் என்று சொன்னதும், தான் 'அவென்யூ' என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் மனம் நோகும்படி ஏதாவது சொல்லிவிட்டேனா, அந்த அணியின் ஆட்டத்தை எங்கே போய்ப் பார்க்கலாம் என்று கேட்கிறீர்கள். நீங்கள் தவறாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த அணியின் ஆட்டத்தை இனி எங்கும் பார்க்க முடியாது. வோல்தம்ஸ்டோ அவென்யூ என்ற உதைபந்தாட்டக் கழகம் 1988ஆம் ஆண்டோடு இல்லாமற் போய்விட்டது. இந்த ஊரில் 26 ஆண்டுகளாக வாழ்பவன் என்ற முறையிலும், என் பழைய அயலவர் ஒருவரிடமிருந்து இந்தக் கதையைப் பல சனிக்கிழமைகளில் கேட்டவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கழகம் 1900ஆம் ஆண்டில் தொடங்கியது. பெயரிலுள்ள 'அவென்யூ' இங்குள்ள பிரிட்டோரியா அவென்யூ என்ற தெருவைக் குறிக்கும். கிறீன் பொண்ட் வீதியில் அதற்குச் சொந்த மைதானம் இருந்தது. ஆடியவர்கள் அமெச்சூர்கள், அதாவது கிழமை நாட்களில் அலுவலகத்திலோ பட்டறையிலோ வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை பிற்பகலில் ஊதியமில்லாமல் ஊருக்காக ஆடியவர்கள். அவர்கள் ஆடிய, அமெச்சூர் கழகங்களுக்கான இஸ்த்மியன் லீக்கின் குறிக்கோள் வாசகமே 'பெருமை ஒன்றே போதும்' என்ற பொருள்படும் இலத்தீன் தொடர்தான். வென்றவர்களுக்கு அங்கே ஆரம்பத்தில் கிண்ணமோ பதக்கமோ கூடக் கொடுக்கப்படவில்லை.

இவர்களின் உச்சக்கட்டம் 1952, 1953 ஆகிய இரண்டு ஆண்டுகள். 1952இல், இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கமான எஃப்.ஏ. அமெச்சூர் கழகங்களுக்கு நடத்திய அமெச்சூர் கிண்ண இறுதியாட்டத்தில் பக்கத்து ஊரான லெய்ட்டன் அணியை மேலதிக நேரத்தில் 2-1 என்று வென்றார்கள். நாம் இன்று ஒரே பஸ்ஸில் கடந்துபோகும் இரண்டு ஊர்களின் சம்பளமில்லாத ஆட்டக்காரர்களைப் பார்க்க வெம்பிளி மைதானத்தில் 1,00,000 பேர் கூடினார்கள் என்பதை முதலில் கேட்டபோது என்னால் நம்ப முடியவில்லை. அன்று வென்ற அணியில் ட்ரெவர் பெய்லியும் இருந்தார். ஆம், கிரிக்கெட் பிரியர்கள் அறிந்த அதே பெய்லிதான். மறு ஆண்டு கோடையில் லோர்ட்ஸ் மைதானத்தில் வில்லி வொட்சனுடன் சேர்ந்து நாலு மணித்தியாலத்துக்கும் மேலாக அவுஸ்திரேலியாவைத் தடுத்து நின்று இங்கிலாந்தைத் தோல்வியிலிருந்து காத்தவர், மாரி காலத்தில் நம் ஊர்க் கழகத்துக்குப் பந்து உதைத்தவர்.

அடுத்த பருவத்தில், தொழில்முறை அணிகளும் ஆடும் எஃப்.ஏ. கிண்ணத்தின் நான்காம் சுற்று வரை முன்னேறிய அவென்யூ, 1953 ஜனவரி 31ஆம் திகதி, அதற்கு முந்தைய பருவத்தில் இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்றிருந்த மன்செஸ்டர் யுனைட்டட் அணியை அதன் சொந்த மைதானமான ஓல்ட் ட்ரஃபோர்டில் சந்தித்தது. முடிவு 1-1. சமநிலைக் கோலை அடித்தவர் ஜிம் லூயிஸ். இவருடைய தந்தையும் இதே கழகத்துக்கு ஆடியவர். அன்றிரவுதான் வடகடல் பொங்கி எஸெக்ஸ் கரையோரத்தை மூழ்கடித்தது. இங்கிலாந்தில் மட்டும் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால் இப்பகுதி முதியவர்களின் நினைவில் அந்த மகிழ்ச்சியும் அந்த வெள்ளமும் ஒரே நாளாகப் பதிந்திருக்கின்றன. ஐந்து நாட்கள் கழித்து மறு ஆட்டம் உங்கள் ஆர்சனலின் பழைய மைதானமான ஹைபரியில் நடந்தது. அவென்யூ 5-2 என்று தோற்றது. அந்த இரண்டு கோல்களும் லூயிஸ் அடித்தவை. பின்னர் அவர் அமெச்சூராகவே செல்சியில் ஆடி, அந்தக் கழகம் 1955இல் முதன்முறையாக லீக் பட்டம் வென்றபோது அந்த அணியில் ஒருவராக இருந்தார்.

1961இல் இன்னொரு முறை அமெச்சூர் கிண்ணம் கிடைத்தது. அதன் பிறகு மெல்ல மெல்லச் சரிவுதான். 1964 முதல் சனிக்கிழமை இரவுகளில் பெரிய அணிகளின் ஆட்டங்களை வீட்டிலிருந்தே தொலைக்காட்சியில் பார்க்க முடிந்தது. டொட்டன்ஹாம், ஆர்சனல், வெஸ்ட்ஹாம் மூன்றும் எட்டிவிடும் தூரத்தில் இருந்தன. 1974இல் அமெச்சூர் என்ற வகையையே எஃப்.ஏ. நீக்கியது. நாடெங்கும் பல கழகங்கள் ஆட்டக்காரரின் பூட்ஸுக்குள் இரகசியமாகப் பணநோட்டு வைத்துக் கொடுத்துவந்த வழக்கத்துக்கு அது முடிவு கட்டியது. நேர்மையான மாற்றம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அரைநேரத் தொழில்முறை அணிகளாகிவிட்ட இந்தச் சிறு கழகங்கள் இனி வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. வாசலில் சேரும் நுழைவுக் கட்டணமோ குறைந்துகொண்டே வந்தது. அவற்றிடம் எஞ்சியிருந்த ஒரே சொத்து காலடியில் கிடந்த இலண்டன் நிலம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என் அயலவர் விரல்விட்டு எண்ணிச் சொல்வார். 1979இல் லெய்ட்டன்ஸ்டன் கழகமும் இல்ஃபோர்ட் கழகமும் ஒன்றாகின. 1988இல் அவென்யூ அவற்றோடு சேர்ந்தபோது புதிய கழகத்தின் பெயரில் வோல்தம்ஸ்டோ என்ற சொல்லே இடம்பெறவில்லை. 1989இல் அது 'ரெட்பிரிட்ஜ் ஃபொரஸ்ட்' ஆனது. ரெட்பிரிட்ஜ் பக்கத்து மாநகரப் பகுதி. நம்முடைய வோல்தம் ஃபொரஸ்ட் பகுதிக்குக் கிடைத்தது பாதிப் பெயர். 1992இல் டெகன்ஹாம் அணியோடு இணைந்து 'டெகன்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜ்' ஆனபோது அந்தப் பாதியும் போயிற்று. அதாவது கழகம் கலைக்கப்பட்டது என்று எவரும் அறிவிக்கவில்லை. பெயர்தான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. கிறீன் பொண்ட் வீதி மைதானத்தில் இப்போது வீடுகள் இருக்கின்றன. ஒருநாள் என்னை அங்கே கூட்டிப்போன அவர், ஒரு வீட்டின் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, கோல் கம்பம் இருந்த இடம் இதுதான் என்று கைத்தடியால் நிலத்தைத் தட்டிக் காட்டினார்.

நீங்களும் யாழ்ப்பாணத்தவர் என்பதால் இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் கழகம் என்பது ஊரின் இன்னொரு பெயர். ஊரை விட்டு இடம்பெயர்ந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் கழகத்தின் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் அடையாளம் கண்டவர்கள் நாம். அந்த முதியவரோ ஊரை விட்டுப் போகவே இல்லை. கழகம்தான் அவரை விட்டுப் போய்விட்டது.

ஆகவே அவருக்கு ஆறுதலாக வேறொரு அணியைப் பரிந்துரைக்காதீர்கள். வோடம் லொட்ஜ் மைதானத்தில் ஆடும் இன்றைய வோல்தம்ஸ்டோ கழகம் 2018இல் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டது; அது வேறு வழியில் வந்த கழகம். ஊர்க்காரர்களோடு பழக விரும்பினால் அங்கே தாராளமாகப் போங்கள், ஆனால் அதுதான் அவென்யூ என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை வேலியருகே காணும்போது, ஓல்ட் ட்ரஃபோர்டில் ஜிம் லூயிஸ் அடித்த கோலைப் பற்றிக் கேளுங்கள். தேநீருக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு கேளுங்கள்.

என் அயலவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. டெகன்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜ் 2007இல் தொழில்முறை லீக்குக்கு ஏறியபோது நான் வாழ்த்துச் சொல்லப் போனேன். அது தன் அணி அல்ல என்று பணிவாக மறுத்தார். ஆனாலும் கடைசிவரை, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வானொலியில் ஆட்ட முடிவுகள் வாசிக்கப்படும்போது, டெகன்ஹாமின் முடிவு வரும்வரை எவரையும் பேச விடமாட்டார்.